ஹெக்ஸ் கோப்பைப் பிரித்துப் படிக்க எந்த டிஸ்அசெம்ப்ளர்?

சோர்ஸ் கோடு தொலைந்துபோய், மைக்ரோகண்ட்ரோலர் சிப்பிலிருந்து எடுத்த ஹெக்ஸ் கோப்பு (நிரலின் பைட்டுகளை எண்களாக எழுதி வைத்த கோப்பு) மட்டும் மிஞ்சியிருக்கலாம். சோர்ஸ் கையில் இருந்தும், கம்பைலர் ஒரு லூப்பை என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கலாம். இரண்டுக்குமே டெர்மினலில் ஓடும் டிஸ்அசெம்ப்ளர், அதாவது அந்த பைட்டுகளைப் படிக்கத்தக்க கட்டளைகளாக மாற்றிக் காட்டும் கருவி, போதும். இலவசமாகக் கிடைப்பவை பல: க்னூ பின்யூட்டில்ஸில் வரும் ஆப்ஜ்டம்ப், ராடாரே2, ஏவிஆர் சிப்புகளுக்கு வி-ஏவிஆர்-டிஸ்அசெம், பிக் சிப்புகளுக்கு ஜிபிடாஸம், 8051 சிப்புகளுக்கு டி52, பல சிப்புகளை ஒன்றாகக் கையாளும் நேக்கன்-யூட்டில். எதை எடுப்பது என்ற கேள்விக்கு வசதிகளின் பட்டியலைப் பார்த்து விடை தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓர் ஆப்கோடை (கட்டளையைக் குறிக்கும் எண்ணை) அதற்குரிய கட்டளையாக மாற்றுவதில் இந்தக் கருவிகள் தவறுவது அபூர்வம். எது கோடு, எது டேட்டா என்று பிரிக்கும் இடத்தில்தான் எல்லாம் தடுமாறுகின்றன. ஒவ்வொன்றும் தடுமாறும் விதம் வேறு. அந்தத் தடுமாற்றம் உங்கள் சிப்பில் எவ்வளவு சேதம் செய்யும் என்பதைக் கட்டளைகளின் நீளம் தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் சிப்பைப் பாருங்கள், பிறகு கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு குறிப்பு: கீழே வரும் முகவரிகளும் ஆப்கோடுகளும் ஹெக்ஸ் எண்கள். கொள்ளளவும் எண்ணிக்கையும் வழக்கமான பத்தடிமான எண்கள்.

வரிசையாகப் படிப்பதா, ஓட்டத்தைப் பின்தொடர்வதா?

ஆப்ஜ்டம்ப், வி-ஏவிஆர்-டிஸ்அசெம் போன்றவை தொடக்க முகவரியில் ஆரம்பித்துக் கடைசி பைட் வரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு சரமோ எண் அட்டவணையோ வந்தாலும் நிற்காது. அதையும் கட்டளையாகவே அச்சிடும். ராடாரே2, கைட்ரா போன்றவை ரீசெட் வெக்டரில் (சிப் எங்கே இயங்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் பதிவில்) தொடங்கி, ஜம்ப் (வேறு முகவரிக்குத் துள்ளல்) எங்கே போகிறதோ, கால் (ஃபங்ஷன் அழைப்பு) எங்கே போகிறதோ அங்கெல்லாம் பின்தொடர்ந்து போகக்கூடியவை. ஓட்டம் தொடாத இடத்தை அவை கோடாக எடுத்துக்கொள்ளாது.

கேட்டால் இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் ஒரு ரெஜிஸ்டரில் உள்ள முகவரிக்குத் துள்ளும் கட்டளை வந்தால் அது முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஏவிஆரில் ஐஜம்ப், ஐகால். 8051-இல் ஆப்கோடு 73. பெரிய ஸ்விட்ச் கூற்றும் ஃபங்ஷன் பாயிண்டர் அட்டவணையும் இப்படித்தான் கம்பைல் ஆகின்றன. அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் ஃபங்ஷன்கள் மொத்தமாகக் கண்ணில் படாமல் போகலாம். வரிசையாகப் படிக்கும் கருவி குப்பையையும் சேர்த்துக் காட்டும், ஆனால் எதையும் ஒளிக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிப்பாகப் பார்ப்போம்.

ஏவிஆர்: ஆப்ஜ்டம்ப் போதும், எல்லையைச் சரியாகக் கொடுத்தால்

ஏவிஆரில் எல்லாக் கட்டளைகளும் 2 பைட். ஜம்ப், கால், எல்டிஎஸ், எஸ்டிஎஸ் நான்கும் மட்டும் 4 பைட். எனவே டேட்டாவை மிதித்துவிட்டு வரும் டிஸ்அசெம்ப்ளர் அதிகபட்சம் ஒரு வேர்ட் (2 பைட்) தடம் புரளும், பெரும்பாலும் உடனே சரியான இடத்துக்கு வந்துவிடும். வரிசையாகப் படிப்பதன் பெரிய பலவீனம் இங்கே அடிபட்டுப் போகிறது. அதனால்தான் ஏவிஆருக்கு முதல் தேர்வாக ஏவிஆர்-ஆப்ஜ்டம்ப்பைச் சொல்கிறோம்.

எல்ஃப் கோப்பு (எது கோடு என்ற குறிப்புகளோடு கம்பைல் செய்யும்போது கிடைப்பது) இருந்தால் சின்ன எழுத்து டி விருப்பத்தைக் கொடுத்தால் போதும். டீபக் தகவலும் உள்ளே இருந்தால் பெரிய எழுத்து எஸ் கொடுங்கள், சி வரிகளும் இடையிடையே வரும். ஹெக்ஸ் கோப்பில் நிலைமை வேறு. எந்தப் பகுதி கோடு என்ற குறிப்பு ஹெக்ஸ் வடிவத்தில் கிடையாது. சின்ன டி கொடுத்தால் வெறும் தலைப்பு மட்டும் வந்து நின்றுவிடும், கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். பெரிய எழுத்து டி கொடுக்க வேண்டும், அல்லது ஜே விருப்பத்தில் பகுதியின் பெயரை, வழக்கமாகப் புள்ளியுடன் செக்1 என்று, குறிப்பிட வேண்டும். சிப் குடும்பத்தையும் எம் விருப்பத்தில் சொல்லியாக வேண்டும். ஏடிமெகா328பி என்றால் ஏவிஆர்5, ஏடிடைனி85 என்றால் ஏவிஆர்25. சொல்லாவிட்டால் ஆர்கிடெக்சர் தெரியவில்லை என்று ஆப்ஜ்டம்ப் கைவிரித்துவிடும். தலைப்பில்லாத வெறும் பைனரி என்றால் பி விருப்பத்தில் பைனரி என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஏவிஆர்4 என்று கொடுத்தோமா, ஏவிஆர்5 என்று கொடுத்தோமா என்பது வெளிவரும் கட்டளைகளைப் பெரிதாக மாற்றாது. ஏடிடைனி4, 5, 9, 10, 20, 40 சிப்புகளில் மட்டும் கவனம் வேண்டும். அவற்றின் சுருக்கப்பட்ட கோரில் எல்டிஎஸ், எஸ்டிஎஸ் இரண்டும் 2 பைட்தான். மற்ற ஏவிஆர்களில் அதே பிட் அமைப்பு எல்டிடி, எஸ்டிடி கட்டளைகளுக்குச் சொந்தம். ஏவிஆர்டைனி என்று குறிப்பிடாமல் விட்டால், நேரடி நினைவக அணுகல் எல்லாம் வொய், இசட் பாயிண்டர் வழி அணுகலாகத் தெரியும். ஆர்0 முதல் ஆர்15 வரை அந்த சிப்புகளில் கிடையாது. வெளியீட்டில் ஆர்4, ஆர்9 என்று தென்பட்டால் நீங்கள் டேட்டாவைப் படிக்கிறீர்கள், அல்லது குடும்பத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது எல்லை. ஏடிமெகா328பி-இல் 26 வெக்டர் (ரீசெட்டும் இண்டரப்ட்டுகளும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள்), ஒவ்வொன்றும் 4 பைட், ஆக மொத்தம் 104 பைட். அதாவது 00 முதல் 67 வரை. எளிய நிரலில் முதல் நான்கு பைட் 0சி 94 34 00 என்று இருக்கும். 34 என்பது வேர்ட் முகவரி, பைட் கணக்கில் இரட்டித்தால் 68. ஆப்ஜ்டம்ப் காட்டுவது எப்போதும் பைட் முகவரி. டேட்டாஷீட்டும் ஃபங்ஷன் பாயிண்டர் அட்டவணைகளும் பேசுவது வேர்ட் முகவரி. இந்த இரட்டிப்பை மறந்து பாதி தூரத்தில் தேடுவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் வீணடிக்கும் நேரம்.

இப்போது முதல் நான்கு பைட் 0சி 94 92 00 என்று இருக்கிறது என்று வையுங்கள். ரீசெட் 0124-க்குத் துள்ளுகிறது. அப்படியானால் 68 முதல் 0123 வரை என்ன? ஜிசிசியின் லிங்கர், ஃப்ளாஷிலேயே வைக்கச் சொன்ன மாறிலிகளையும் சி ப்ளஸ் ப்ளஸ் கன்ஸ்ட்ரக்டர் அட்டவணையையும் வெக்டர்களுக்கு அடுத்தே, தொடக்கக் கோடுக்கு முன்னால் வைக்கிறது. அந்த இடைவெளியில் இருப்பது பெரும்பாலும் டேட்டாதான். ஸ்டார்ட்-அட்ரஸ் விருப்பத்தில் 0124 கொடுத்துவிட்டால் குப்பையின் முதல் பாதி போய்விடும்.

கோடு முடியும் இடத்தைத் தொடக்கக் கோடே சொல்லிவிடும். முதலில் ஆர்1-ஐப் பூஜ்யமாக்கும் இஓஆர், பைட்டுகள் 11 24. பிறகு ஸ்டாக் பாயிண்டரில் 08எஃப்எஃப். அதன் பிறகு எல்டிஐ வரிசை ஒன்று வரும்: ஆர்26-இல் 00, ஆர்27-இல் 01. இது எக்ஸ் பாயிண்டர், 0100, அதாவது ரேமின் தொடக்கம். அடுத்து ஆர்30-இல் 28, ஆர்31-இல் 06 என்று இருந்தால் இசட் பாயிண்டர் 0628. கீழே எல்பிஎம் ஆர்0, இசட்+ என்று படித்து எக்ஸ்-இல் எழுதும் சிறிய லூப். ரேம் மாறிகளின் ஆரம்ப மதிப்புகளை ஃப்ளாஷிலிருந்து நகலெடுக்கும் வேலை இது. ஆகவே 0628-இல் கோடு முடிந்தது, அதற்கு மேல் டேட்டா. ஸ்டாப்-அட்ரஸில் 0628 கொடுத்து மறுபடி ஓட்டினால் கிட்டத்தட்டச் சுத்தமான பட்டியல் கிடைக்கும். ஆரம்ப மதிப்புள்ள மாறியே இல்லாத நிரலில் இந்த லூப் இருக்காது. அப்போது கடைசி ரெட் (ஃபங்ஷனிலிருந்து திரும்பும்) கட்டளையைத் தேட வேண்டியதுதான்.

எல்லை கொடுக்காமல் ஓட்டினாலும் சரங்களைக் கண்ணால் பிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்டார்ட் என்ற ஆங்கிலச் சொல் 73 74 61 72 74 00 என்ற பைட்டுகளாக ஃப்ளாஷில் இருக்கும். ஏவிஆர் இதை 7473, 7261, 0074 என்ற வேர்டுகளாகப் படிக்கும். பட்டியலில் ஆண்டிஐ ஆர்23, 43 என்றும், ஆண்டிஐ ஆர்22, 21 என்றும், மூன்றாவது கேள்விக்குறிகளுடன் வெறும் வேர்டாகவும் தெரியும். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஏ முதல் ஓ வரை மேல் பைட்டாக அமைந்தால் ஓஆர்ஐ, பி முதல் இசட் வரை அமைந்தால் ஆண்டிஐ. பெரிய எழுத்துகள் எஸ்பிசிஐ, எஸ்யூபிஐ ஆகும். இலக்கங்கள் சிபிஐ ஆகும். ஓஆர்ஐயும் ஆண்டிஐயும் ஒரு காரணமும் இல்லாமல் பத்துப் பதினைந்து வரி அடுத்தடுத்து வந்தால் அது உரைதான். சிறிது பழகினால் பட்டியலை உருட்டும்போதே தெரிந்துவிடும்.

ஆப்ஜ்டம்ப் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். தொடர்ச்சியாகப் பூஜ்யங்கள் வந்தால் அவற்றை அச்சிடாமல் மூன்று புள்ளி வைத்து நகர்ந்துவிடும். ஏவிஆரில் 0000 என்பது செல்லுபடியாகும் நாப் (ஒன்றும் செய்யாத) கட்டளை. நேரத்தை எண்ணி எழுதிய தாமத லூப்பில் அடுக்கிய நாப்கள் இப்படி மறைந்துபோனால் உங்கள் சைக்கிள் கணக்கு தப்பாகும். சின்ன இசட் விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாப் பூஜ்யங்களும் வரும். இதை எப்போதும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது.

ரெஜிஸ்டர் பெயர்களை ஆப்ஜ்டம்ப் தராது. எஸ்பிஐ 05, 5 என்று மட்டும் சொல்லும். 328பி-இல் 05 என்பது போர்ட்பி, 04 அதன் திசை ரெஜிஸ்டர். ஏடிமெகா8-இல் அவையே 18, 17. மேலும் எல்டிஎஸ், எஸ்டிஎஸ் வழியாக அணுகும்போது அதே போர்ட்பி 25 என்று வரும், 20 கூட்டிய முகவரி. எனவே டேட்டாஷீட்டின் ரெஜிஸ்டர் பட்டியலை அருகில் திறந்து வைக்காமல் இந்தப் பட்டியலைப் படிக்க முடியாது. வெக்டர் அட்டவணையும் அதே டேட்டாஷீட்டில்தான் பொருள்படும். பயன்படுத்தாத வெக்டர்கள் எல்லாம் ஒரே முகவரிக்குப் போகும், மாறுபட்டு நிற்பவைதான் உண்மையான இண்டரப்ட்டுகள். 40-இல் உள்ள வரி தனியாக எங்கோ போகிறது என்றால் டைமர்0 ஓவர்ஃப்ளோ பயன்பாட்டில் இருக்கிறது. 48 தனியாகப் போனால் சீரியல் பெறுதல்.

8 கிலோபைட் சிப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆர்ஜம்ப் முன்னும் பின்னும் 2048 வேர்ட் வரை எட்டும், ஃப்ளாஷின் முடிவைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு தொடக்கத்துக்கு வரும். கருவி 2012 என்று இலக்கு காட்டினால், சிப்பில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. 2000-ஐக் கழித்து 0012 என்று படிக்க வேண்டும்.

வி-ஏவிஆர்-டிஸ்அசெம் எப்போது ஆப்ஜ்டம்ப்பை வெல்லும்?

இது சிறிய கருவி. இதுவும் வரிசையாகத்தான் படிக்கும். இன்டெல் ஹெக்ஸ், மோட்டரோலா எஸ்-ரெக்கார்டு, அட்மெல் ஜெனரிக் வடிவங்களை நேரடியாக ஏற்கும். பின்னாளைய பதிப்புகள் பிக், 8051 கட்டளைகளையும் படிக்கின்றன. இதை எடுப்பதற்கு ஒரே ஒரு வலுவான காரணம் உண்டு: முகவரிகளுக்கு லேபிள் வைத்து, திரும்பவும் அசெம்பிள் செய்யத்தக்க வடிவில் வெளியீடு தருகிறது. ஆப்ஜ்டம்ப்பின் பட்டியலில் முகவரிப் பத்தியும் பைட் பத்தியும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அசெம்ப்ளருக்கு ஊட்ட வேண்டுமானால் ஸ்கிரிப்ட் எழுதித் துப்புரவு செய்ய வேண்டும், ஜம்ப் இலக்குகளை லேபிளாக மாற்ற வேண்டும். பழைய நிரலில் நான்கு கட்டளைகளை மாற்றி மறுபடி சிப்பில் ஏற்றுவதுதான் நோக்கம் என்றால் வி-ஏவிஆர்-டிஸ்அசெம்மில் தொடங்குங்கள். வெறுமனே படித்துப் புரிந்துகொள்ள என்றால் ஆப்ஜ்டம்ப்பை விட்டு வர அவசியம் இல்லை.

ராடாரே2

2006-இல் தொடங்கிய ராடாரே திட்டத்தின் ராடாரே2-உம், 2020 இறுதியில் அதிலிருந்து பிரிந்த ரைசினும் பட்டியல் அச்சிடும் கருவிகள் அல்ல. உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் ஷெல். ஏவிஆர் என்று ஏ விருப்பத்தில் சொல்லி, கோப்புப் பெயருக்கு முன் ஐஹெக்ஸ் என்ற நெறிமுறை முன்னொட்டைக் கொடுத்துத் திறக்க வேண்டும். முன்னொட்டை விட்டுவிட்டால் ஹெக்ஸ் கோப்பின் எழுத்துகளையே, முக்காற்புள்ளி உட்பட, நிரலாக எடுத்துக்கொள்ளும். திறந்ததும் முதல் வரியில் ஜம்ப் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

இதன் உண்மையான பலம் குறுக்குக் குறிப்புகள். ஒரு ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்பதை ஏஎக்ஸ்டி கட்டளை ஒரு நொடியில் சொல்லும். ஆப்ஜ்டம்ப் பட்டியலில் கிரெப் போட்டுத் தேடினாலும் ஜம்ப், கால் கிடைக்கும். ஆனால் 300 ஃபங்ஷன் உள்ள நிரலில், கண்டுபிடித்ததற்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டே போவதற்குக் கிரெப் உதவாது. ராடாரே2-இல் பெயர் மாற்றலாம், குறிப்பு எழுதலாம், இந்த 40 பைட் டேட்டா என்று அடையாளம் இடலாம். இட்ட பிறகு பட்டியல் அதற்கேற்பத் திருந்தும்.

தானியங்கி ஆய்வான ஏஏஏ கட்டளையை மைக்ரோகண்ட்ரோலர் நிரலில் முதலிலேயே ஓட்டாதீர்கள். அது ஊகிக்கும் இடங்கள் அதிகம், டேட்டாவின் நடுவில் ஃபங்ஷன்களை உருவாக்கிவிடும், பிறகு அவற்றைத் துடைப்பதே தனி வேலையாகிவிடும். ரீசெட் இலக்கு, பிறகு மாறுபட்டு நிற்கும் ஒவ்வொரு இண்டரப்ட் இலக்கு, இப்படி ஒவ்வொன்றிலும் ஏஎஃப் கொடுத்து ஃபங்ஷனாக அறிவியுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், முடிவு நம்பத்தக்கதாக இருக்கும்.

இன்னொரு பள்ளம்: ஏவிஆரில் ஃப்ளாஷும் ரேமும் தனித்தனி முகவரி வெளி. ஃப்ளாஷ் 0100 வேறு, ரேம் 0100 வேறு. முகவரி வெளியை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கருவியில், ரேம் மாறிக்குரிய குறிப்பு 0100-இல் உள்ள ஒரு கட்டளைக்குரியது போலத் தோன்றலாம். குறிப்பு தரும் கட்டளை எல்டிஎஸ், எஸ்டிஎஸ் என்றால் ரேம். எல்பிஎம் என்றால் ஃப்ளாஷ். ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துவிட்டு நம்புங்கள். கைட்ரா இந்த இரண்டையும் பிரித்தே வைக்கிறது. 2019-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வெளியிட்ட அந்தக் கருவியை ஹெட்லெஸ் முறையில் (சாளரங்கள் இல்லாமல்) டெர்மினலிலிருந்தும் ஓட்டலாம், சி போன்ற வடிவத்தையும் தரும். ஆனால் ஒரு 8 கிலோபைட் கோப்பைப் பார்க்க ஜாவாவும் ப்ராஜெக்ட் கோப்புறையும் ஸ்கிரிப்டும் ஏற்பாடு செய்வது அளவுக்கு மீறிய செலவு. நிரல் 64 கிலோபைட்டைத் தாண்டும்போது அந்தச் செலவு நியாயமாகிறது.

பிக்: தடம் புரளாது, ஆனால் இலக்கு தப்பும்

பிக்16 வகையில் ஒவ்வொரு வேர்டும் 14 பிட், ஒரு வேர்டுக்கு ஒரு கட்டளை. தடம் புரளவே வாய்ப்பில்லை. எனவே வரிசையாகப் படிக்கும் ஜிபிடாஸம் இங்கே இயல்பான தேர்வு. ஜிபியூட்டில்ஸ் தொகுப்பில் வரும். சின்ன பி விருப்பத்தில் சிப்பின் முழுப் பெயரைக் கொடுக்க வேண்டும்.

இங்கே சிக்கல் வேறு இரண்டு. 1683, 0186, 1283 என்ற மூன்று வேர்டுகளைப் பாருங்கள். முதலாவது ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 5-ஆம் பிட்டை உயர்த்துகிறது, இரண்டாவது முகவரி 06-ஐத் துடைக்கிறது, மூன்றாவது அதே பிட்டை இறக்குகிறது. 06 என்றால் போர்ட்பி என்று படித்தால் சிப்பின் வெளியீட்டுக் கால்களை (பின்களை) பூஜ்யமாக்குகிறது என்று முடிவு செய்துவிடுவோம். ஆனால் அந்த நொடியில் பேங்க் 1 (ரெஜிஸ்டர் நினைவகத்தின் இரண்டாவது பகுதி) தேர்வாகியிருக்கிறது, துடைக்கப்பட்டது ட்ரிஸ்பி. கால்களை வெளியீடாக மாற்றும் வேலை நடந்திருக்கிறது. கட்டளையில் 7 பிட் முகவரிக்கே இடம், பேங்க் தகவல் அதில் இல்லை. வரிக்கு வரி பார்க்கும் எந்தக் கருவியாலும் இதைத் தீர்க்க முடியாது. பேங்க் பிட்டை நீங்கள்தான் பென்சிலால் பின்தொடர வேண்டும்.

பேஜ் பிரச்சினையும் இதே மாதிரி. பிக்16எஃப்877ஏ-இல் 8192 வேர்ட் ஃப்ளாஷ், 2048 வேர்டாக நான்கு பேஜ். கோடூவும் காலும் 11 பிட் முகவரியைத்தான் சுமக்கும், மேலே உள்ள இரண்டு பிட்டுகள் பிசிலாத் என்ற ரெஜிஸ்டரிலிருந்து வரும். 2805 என்ற ஆப்கோடு 0005-க்கும் போகலாம், 0805-க்கும் போகலாம். அதற்கு முன்னால் 158ஏ வந்திருந்தால் பிசிலாத்தின் 3-ஆம் பிட் உயர்ந்திருக்கிறது, இலக்கு இரண்டாவது பேஜ். நிரல் 2048 வேர்டுக்குள் அடங்கினால் இந்தக் கவலை இல்லை. தாண்டினால் 158ஏ, 118ஏ, 160ஏ, 120ஏ நான்கையும் பட்டியலில் தேடிக் குறித்துவிட்டுத்தான் ஓட்டத்தைப் படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

அழித்த ஃப்ளாஷ் பிக்16-இல் 3எஃப்எஃப்எஃப். ஆப்கோடு அட்டவணைப்படி இது செல்லுபடியாகும் ஏடிடிஎல்டபிள்யூ எஃப்எஃப். ஏவிஆரில் நான்கு எஃப் செல்லாத ஆப்கோடு என்பதால் காலி இடம் தானாகவே தெரியும். பிக்கில் அந்த உதவி இல்லை. நூற்றுக்கணக்கில் ஒரே ஏடிடிஎல்டபிள்யூ வரிசையாக வந்தால் அது காலி ஃப்ளாஷ்.

8051: இங்கேதான் வரிசைப் படிப்பு உடைகிறது

ஒரு பைட், இரண்டு பைட், மூன்று பைட் என மூன்று நீளத்திலும் கட்டளைகள், எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து. ஓர் அட்டவணையின் கடைசி பைட் 02 என்றும், அதற்கு அடுத்து 75 81 30 என்ற உண்மையான கட்டளை இருப்பதாகவும் வையுங்கள். அந்தக் கட்டளை ஸ்டாக் பாயிண்டரில் 30 வைக்கிறது. வரிசையாகப் படிக்கும் கருவி 02-ஐ எல்ஜம்ப் என்று எடுத்துக்கொண்டு, 75 81 இரண்டையும் விழுங்கி, 7581-க்குத் துள்ளல் என்று அச்சிடும். மீதமுள்ள 30 ஒரு பிட் சோதனைக் கட்டளையின் முதல் பைட் ஆகும், அது அடுத்த இரண்டு பைட்டையும் விழுங்கும். தடம் எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது. அதற்குள் ஒரு ஃபங்ஷனின் தலைப்பகுதி முழுக்கக் கெட்டிருக்கும்.

ஆகவே 8051-க்கு ஓட்டத்தைப் பின்தொடரும் கருவி, அல்லது எது கோடு எது டேட்டா என்று கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுதிக்கொடுக்க முடிகிற டி52. முதல் முறை ஓட்டி, 0000, 0003, 000பி, 0013, 001பி, 0023 வெக்டர்களிலிருந்து எட்டும் இடங்களைக் குறித்து, டேட்டா பகுதிகளைக் கட்டுப்பாட்டுக் கோப்பில் சேர்த்து மறுபடி ஓட்டுவது. மூன்று நான்கு சுற்றில் பட்டியல் நிலைபெறும். டிபிடிஆர் என்ற முகவரி ரெஜிஸ்டரில் ஒரு மாறிலியை வைத்து, பின்னால் 93 ஆப்கோடு வந்தால் அந்த மாறிலி டேட்டா அட்டவணையின் முகவரி. 73 வந்தால் துள்ளல் அட்டவணை. இந்த இரண்டு அடையாளமும் பாதி வேலையை முடித்துவிடும்.

ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம்

கார்ட்டெக்ஸ்-எம் கோர்கள் தம்ப் கட்டளைகளை மட்டுமே ஓட்டும். வெறும் பைனரியில் அந்தத் தகவல் இல்லாததால் ஆர்ம்-ஆப்ஜ்டம்ப் பழைய 4 பைட் ஆர்ம் கட்டளைகளாகப் படிக்கத் தொடங்கும். பெரிய எழுத்து எம் விருப்பத்தில் ஃபோர்ஸ்-தம்ப் கொடுப்பது கட்டாயம். மறந்தால் முதல் வரியே காட்டிக்கொடுக்கும்: எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் 20 கிலோபைட் ரேம், ஸ்டாக்கின் உச்சி 20005000; ஆர்ம் முறையில் அது ஆண்ட்சிஎஸ் ஆர்5, ஆர்0, ஆர்0 என்று தெரியும். தம்ப் முறையில் எஸ்டிஆர் ஆர்0, பிறகு மூவ்ஸ் ஆர்0, 0 என்று இரண்டு வரி. இரண்டுமே கட்டளை இல்லை, வெக்டர் அட்டவணையின் முதல் வேர்ட். அதற்கடுத்து வரும் முகவரிகள் 0800 என்று தொடங்குவதால், தம்ப் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒரு வரி எல்எஸ்ஆர்எஸ் ஆர்0, ஆர்0, 32 என்று தாளம் போட்டுக்கொண்டு வரும். அந்தத் தாளம் கேட்கும் இடமெல்லாம் முகவரி அட்டவணை.

அட்ஜஸ்ட்-விஎம்ஏ விருப்பத்தில் 08000000 கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் அருகிலுள்ள துள்ளல்கள் சரியாகவே இருக்கும், அவை தொடர்பு முகவரிகள். ஆனால் ஃபங்ஷன் பாயிண்டர்களும் வெக்டர்களும் பட்டியலின் முகவரிகளோடு பொருந்தாது. ரீசெட் வெக்டர் 08000145 என்று ஒற்றைப்படையில் இருந்தால் பயப்பட வேண்டாம். கடைசி பிட் தம்ப் அடையாளம், கோடு தொடங்குவது 08000144-இல்.

ஒவ்வொரு ஃபங்ஷனின் வாலிலும் மாறிலிக் குவியல் ஒன்று இருக்கும். 70 47 என்ற திரும்பும் கட்டளைக்குப் பின், எஃப்103-இல் போர்ட்சி-யின் அடிமுகவரியான 40011000 இருந்தால், பட்டியலில் ஏஎஸ்ஆர்எஸ் ஆர்0, ஆர்0, 32, அடுத்து ஆண்ட்ஸ் ஆர்1, ஆர்0 என்று வரும். வரிசைப் படிப்பின் குப்பைதான், ஆனால் எந்தப் பெரிஃபெரல் பயன்படுகிறது என்று சொல்லும் குப்பை. கார்ட்டெக்ஸ்-எம் நிரல்கள் பெரிதாக இருப்பதால் இங்கே ராடாரே2-க்கோ கைட்ராவுக்கோ சீக்கிரம் மாறிவிடுவதே நல்லது. ஆப்ஜ்டம்ப் முதல் பார்வைக்கு. எல்எல்விஎம்-ஆப்ஜ்டம்ப் வெறும் பைனரியை நேரடியாக ஏற்காது, முதலில் கோப்பு வடிவத்தை மாற்றும் ஆப்ஜ்காப்பியால் எல்ஃப் ஆக்க வேண்டும். அந்தச் சுற்றுவழிக்குத் தகுந்த ஆதாயம் இந்த வேலையில் இல்லை. கேப்ஸ்டோனின் சிஎஸ்டூல் நான்கைந்து பைட்டைத் தட்டிப் பார்க்க மிக வசதி, முழுக் கோப்புக்கு அல்ல.

எம்எஸ்பி430-க்குத் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. ரீசெட் வெக்டர் எஃப்எஃப்எஃப்இ-இல், நினைவகத்தின் உச்சியில் இருக்கிறது; முதல் பைட்டில் கோடு தொடங்குகிறது என்று எண்ணக்கூடாது. அதன் ஆப்ஜ்டம்ப்போ நேக்கன்-யூட்டிலோ எது இருந்தாலும் சரி.

எந்தக் கருவிக்கும் முன்னால்: கோப்பு சரியா?

டிஸ்அசெம்ப்ளரைக் குறை சொல்வதற்கு முன் கோப்பைப் பாருங்கள். லாக் பிட் (நிரலைப் படிக்க விடாத பூட்டு) போட்ட சிப்பிலிருந்து படித்த கோப்பில் நிரல் இருக்காது. எந்தக் கருவியைப் போட்டாலும் பொருளற்ற கட்டளைகள்தான் வரும். முதல் பைட்டில் ஜம்ப்போ ஆர்ஜம்ப்போ இல்லாத ஏவிஆர் கோப்பைச் சந்தேகியுங்கள்.

ஹெக்ஸை பைனரியாக மாற்றும்போது இடைவெளிகள் நிரப்பப்படும். எஸ்டிஎம்32எஃப்103 ஹெக்ஸில் 1எஃப்எஃப்எஃப்எஃப்800-இல் உள்ள ஆப்ஷன் பைட்டுகளும் சேர்ந்திருந்தால், 08000000 முதல் அங்கே வரை நிரப்பி சுமார் 400 மெகாபைட் பைனரி உருவாகும். 64 கிலோபைட் சிப்புக்கு இப்படி ஒரு கோப்பு வந்தால் ஆப்ஜ்காப்பியில் அந்தப் பகுதியை விலக்கிவிட்டு மறுபடி மாற்றுங்கள். பிக் ஹெக்ஸில் முகவரிகள் இரட்டித்திருக்கும்: 877ஏ-இன் கான்ஃபிக் வேர்ட் 2007-இல் இருக்கிறது, கோப்பில் அது 400இ. முழு 32 கிலோபைட்டையும் படித்தெடுத்த 328பி கோப்பில் உச்சியில் பூட்லோடர் (நிரலைச் சிப்பில் ஏற்றும் சிறு நிரல்) இருக்கலாம். ஆப்டிபூட் என்றால் 7இ00-இல் 512 பைட். அதைத் தனி நிரலாகவே படியுங்கள். நிரலோடு சேர்த்துப் படித்தால் ரீசெட் எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பிவிடும்.

திருப்பி அசெம்பிள் செய்து சோதிப்பது

பட்டியல் சரியா என்று சந்தேகமில்லாமல் தெரிய ஒரே வழி, அதைத் திரும்ப அசெம்பிள் செய்து மூலக் கோப்போடு பைட்டுக்கு பைட் ஒப்பிடுவது. வி-ஏவிஆர்-டிஸ்அசெம், ஜிபிடாஸம் வெளியீடுகளில் இது எளிது. ஏவிஆரில் சிஎல்ஆர், டிஎஸ்டி, எல்எஸ்எல் போன்றவை இஓஆர், ஆண்ட், ஏடிடி கட்டளைகளின் மாற்றுப் பெயர்கள். எந்தப் பெயரில் எழுதினாலும் அதே பைட்தான் வரும். தம்பில் ஒரே கட்டளைக்கு 2 பைட், 4 பைட் என இரண்டு வடிவம் இருக்கலாம், அகலமானதற்கு டபிள்யூ பின்னொட்டு விடுபட்டால் அசெம்ப்ளர் குறுகியதைத் தேர்ந்து பின்னால் உள்ள எல்லா முகவரியையும் நகர்த்திவிடும்.

பிக்16-இல் மட்டும் சில வித்தியாசங்களை மன்னிக்கலாம். ஏடிடிஎல்டபிள்யூ, ரெட்எல்டபிள்யூ, மூவ்எல்டபிள்யூ போன்றவற்றில் எந்த மதிப்பிலும் இருக்கலாம் என்று விடப்பட்ட பிட்டுகள் உண்டு. காலி இடத்தின் 3எஃப்எஃப்எஃப்-ஐ ஏடிடிஎல்டபிள்யூ என்று எழுதி அசெம்பிள் செய்தால் 3இஎஃப்எஃப் ஆகத் திரும்பும். சிப் இரண்டையும் ஒன்றாகவே ஓட்டும். ஒப்பீட்டில் இவை தவிர வேறு பைட் மாறியிருந்தால், அந்த முகவரிக்கு இரண்டு மூன்று வரி மேலே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே டேட்டா ஒன்று கட்டளை வேடத்தில் உட்கார்ந்திருக்கும்.